உலகக் கோப்பை கால்பந்து அணிப் பட்டியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகக் கோப்பை தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது ஒவ்வொரு நாட்டின் பயிற்சியாளரும் மைக் முன்னால் உட்கார்ந்து பெயர்களை வாசிப்பார். பெரும்பாலானவர்கள் முதல் பதினொரு பேரில் யார் யார் என்று தேடுவார்கள். நான் பட்டியலைக் கடைசியிலிருந்து படிக்கிற ஆள். இருபதாவது பெயருக்குப் பிறகு வருகிறவர்களைப் பார்த்தால்தான் அந்தப் பயிற்சியாளருக்கு எதில் பயம், யார் மேல் நம்பிக்கை என்பது புரியும். ஆண்கள் உலகக் கோப்பை அணிப் பட்டியல்களைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு நாடு எத்தனை வீரர்களை அழைத்துப் போகலாம்?

இப்போதைய விதிப்படி குறைந்தது 23 பேர், அதிகபட்சம் 26 பேர். அதில் மூன்று பேர் கோல்கீப்பர்களாக இருந்தே ஆக வேண்டும்.

1998 வரை உச்சவரம்பு 22. 2002இல் அது 23 ஆனது. 2018 வரை 23தான். 2022 கத்தார் போட்டியில்தான் 26 வந்தது.

23 போதாதா? ஏன் 26 ஆக்கினார்கள்?

கொரோனா காலத்தில் பிறந்த ஏற்பாடு இது. 2021இல் ஐரோப்பிய நாடுகள் மோதிய யூரோ போட்டியில், தொற்று வந்து நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ஒதுங்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற கவலையில் ஐரோப்பியக் கால்பந்து சங்கம் 26 பேரை அனுமதித்தது. கத்தார் உலகக் கோப்பைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. வழக்கமாகக் கிளப் சீசன் முடிந்த பிறகு ஜூன், ஜூலையில் நடக்கும் போட்டி, அந்த முறை வெயிலுக்காக நவம்பர், டிசம்பருக்குப் போனது. வீரர்கள் சீசன் நடுவிலிருந்து நேராக வந்தார்கள். கிளப்கள் வீரர்களை விடுவிக்க வேண்டிய கடைசி நாள் நவம்பர் 14, முதல் ஆட்டம் நவம்பர் 20. பயிற்சிக்கும் ஓய்வுக்கும் சேர்த்து ஒரு வாரம்கூட இல்லை. ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்ற விதியும் வந்துவிட்டதால், பெஞ்சில் ஆள் அதிகம் தேவைப்பட்டது.

கொரோனா போன பிறகும் 26 நிலைத்துவிட்டது. இது நல்லது என்றே நினைக்கிறேன். 23 பேர் என்றால் பயிற்சியாளர் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பேர், ஒரு மூன்றாவது கோல்கீப்பர் என்று கணக்குப் போட்டு முடித்துவிடுவார். அந்தக் கூடுதல் மூன்று இடங்கள்தான் இன்னும் பெயர் எடுக்காத ஒரு சின்னப் பையனுக்குக் கதவைத் திறக்கின்றன.

முதற்கட்டப் பட்டியல், இறுதிப் பட்டியல் என்று இரண்டு சொல்கிறார்களே?

முதற்கட்டப் பட்டியல் நீளமானது. 2018இல் 35 பேர், 2022இல் 55 பேர் வரை. அதை உலகக் கால்பந்து சங்கமான ஃபிஃபாவுக்கு அனுப்புவார்கள், பல நாடுகள் வெளியே சொல்வதே இல்லை. அதிலிருந்து வடிகட்டியதுதான் இறுதிப் பட்டியல்.

வடிகட்டும் அந்த நாள் கொடுமையானது. 1998இல் பிரான்ஸ் பயிற்சியாளர் ஏமே ஜாக்கே 28 பேரை கிளேர்ஃபோன்டேன் பயிற்சி முகாமுக்கு அழைத்துப் போனார். 22 பேருக்குத்தான் இடம். ஆறு பேரிடம் 'நீங்கள் இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆறு பேரில் ஒருவர் பத்தொன்பது வயது நிக்கோலா அனெல்கா. சொந்த மண்ணில் நடக்கும் உலகக் கோப்பை. கூடவே பயிற்சி எடுத்தவர்கள் உள்ளே இருக்க, பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். மீதி இருந்த 22 பேர் கோப்பையை வென்றார்கள்.

பட்டியல் கொடுத்த பிறகு ஒருவர் காயமடைந்தால் வேறொருவரைச் சேர்க்கலாமா?

அணியின் முதல் ஆட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பு வரை சேர்க்கலாம். காயமோ நோயோ தீவிரமானது என்று மருத்துவச் சான்று வேண்டும். அந்த நேரம் தாண்டிவிட்டால் அவ்வளவுதான், இருப்பவர்களை வைத்தே ஒப்பேற்ற வேண்டும். கோல்கீப்பருக்கு மட்டும் விதிவிலக்கு: போட்டி நடுவில்கூட மாற்றிக்கொள்ளலாம்.

இந்த ஒரு விதிக்குள் எத்தனை வாழ்க்கைகள் திசைமாறியிருக்கின்றன! 2002இல் பிரேசில் கேப்டன் எமர்சன், முதல் ஆட்டம் நெருங்கிவிட்ட நேரத்தில், பயிற்சியில் விளையாட்டாக கோல்கீப்பராக நின்றார். பந்தைத் தடுக்கப் பாய்ந்ததில் தோள்பட்டை இறங்கிவிட்டது. அவருக்குப் பதில் ரிக்கார்டின்யோ வந்தார். எமர்சனின் 7ஆம் எண் ஜெர்சியும் அவருக்குப் போனது. கேப்டன் பட்டை கஃபுவின் கைக்கு மாறியது. சில வாரம் கழித்து யோகோஹாமாவில் கோப்பையைத் தூக்கிய கைகள் கஃபுவுடையவை.

2022இல் அர்ஜென்டினாவுக்கும் இதே கதை. நிக்கோலாஸ் கொன்சாலஸ், ஹோவாகின் கொரியா இருவரும் கடைசி நேரத்தில் காயத்தால் விலகினார்கள். ஏஞ்சல் கொரியாவும் தியாகோ அல்மாடாவும் அவசரமாக அழைக்கப்பட்டார்கள். அல்மாடாவுக்கு அப்போது 21 வயது, அமெரிக்க லீகில் அட்லான்டா அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில் அவர் உலக சாம்பியன்.

அதே போட்டியில் செனகல் நாட்டுக்கு விழுந்தது பேரிடி. பயர்ன் மியூனிக் ஆட்டத்தில் காயமடைந்திருந்தும் சாடியோ மானேயைப் பட்டியலில் சேர்த்தார்கள், குணமாகிவிடுவார் என்ற நம்பிக்கையில். ஆகவில்லை. கடைசியில் பெயரை எடுத்துவிட்டு வேறொருவரைச் சேர்த்தார்கள்.

மாற்று வீரரை அழைக்காமலே விட்டுவிடலாமா?

விடலாம். 2022இல் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதை அப்போதுதான் வாங்கியிருந்த பிரான்ஸின் கரீம் பென்சமா, போட்டி தொடங்குவதற்கு முந்தைய நாள் தொடைத் தசைக் காயத்தால் விலகினார். பயிற்சியாளர் டிடியே டெஷாம் யாரையும் அழைக்கவில்லை. 25 பேரோடு பிரான்ஸ் இறுதி ஆட்டம் வரை போனது.

காயம் இல்லாமல் ஒருவர் வெளியேறினால் மாற்று கிடைப்பது கடினம். 2002இல் அயர்லாந்து கேப்டன் ராய் கீன், சைபான் தீவில் நடந்த பயிற்சி முகாமில் வசதிகள் சரியில்லை என்று பயிற்சியாளர் மிக் மெக்கார்த்தியோடு மோதி, போட்டி தொடங்கும் முன்பே வீடு திரும்பினார். பட்டியல் கொடுக்கும் கெடு முடிந்திருந்தது. அயர்லாந்து 22 பேரோடு ஆடி இரண்டாம் சுற்று வரை வந்தது. 2018இல் குரோஷியாவின் நிக்கோலா கலினிச், நைஜீரியாவுடனான முதல் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் இறங்கச் சொன்னபோது முதுகுவலி என்று இறங்கவில்லை. பயிற்சியாளர் ஸ்லாட்கோ டாலிச் அவரை ஊருக்கு அனுப்பினார். மீதி 22 பேர் இறுதி ஆட்டத்தில் நின்றார்கள். இந்த இரண்டு அணிகளையும் நினைக்கும்போதெல்லாம், 26 பேர் இருந்தும் முதல் சுற்றிலேயே கலைந்துபோன அணிகள் எனக்கு நினைவுக்கு வரும்.

மூன்று கோல்கீப்பர் எதற்கு? ஒருவர்தானே ஆடுவார்?

ஒருவருக்கு அடிபட்டு, இன்னொருவர் சிவப்பு அட்டை வாங்கினால் யார் நிற்பது? அதற்குத்தான். இந்த விதியை வளைக்கப் பார்த்தவர்களும் உண்டு. 2010இல் வட கொரியா, கிம் மியோங் வோன் என்ற முன்கள வீரரை மூன்றாவது கோல்கீப்பர் என்று எழுதிக்கொடுத்தது. கூடுதலாக ஒரு ஃபார்வர்ட் கிடைப்பார் என்ற கணக்கு. ஃபிஃபா அதை ஏற்கவில்லை: கோல்கீப்பர் என்று எழுதினால் கோல்கீப்பராக மட்டும்தான் ஆடலாம் என்று சொல்லிவிட்டது.

மாற்று கோல்கீப்பர் வீண் என்று நினைக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது 2014 கால்இறுதி. நெதர்லாந்து, கோஸ்டா ரிகா. கூடுதல் நேரமும் முடியப்போகிறது, கோல் இல்லை. வெற்றியை முடிவு செய்யும் பெனால்டிச் சுற்றுக்குச் சில நொடிகள் இருக்கும்போது பயிற்சியாளர் லூயி வான் கால் தன் முதல் கோல்கீப்பர் சிலேசனை வெளியே எடுத்து, அந்தப் போட்டியில் அதுவரை ஒரு நிமிடம்கூட ஆடாத டிம் க்ருலை உள்ளே அனுப்பினார். சிலேசனுக்கு இது முன்கூட்டித் தெரியாது. வெளியே வந்தவர் கோபத்தில் ஒரு பாட்டிலை உதைத்தார். க்ருல் ஒவ்வொரு பெனால்டிக்கும் சரியான பக்கம் பாய்ந்தார், இரண்டைத் தடுத்தார். நெதர்லாந்து அரையிறுதிக்குப் போனது. அரையிறுதியில் அர்ஜென்டினாவுடன் மறுபடி பெனால்டி வந்தது. மூன்று மாற்றங்களும் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் க்ருலை இறக்க முடியவில்லை. தோற்றார்கள்.

ஆளே போதாமல் போன அணி உண்டா?

1996 யூரோ இறுதி ஆட்டத்துக்கு முன் ஜெர்மனி அந்த நிலையில்தான் இருந்தது. காயமும் தடையும் சேர்ந்து களவீரர்கள் குறைந்துபோனதால், மாற்று கோல்கீப்பர்கள் ஆலிவர் கானுக்கும் ஆலிவர் ரெக்குக்கும் களவீரர் ஜெர்சி அச்சடித்து வைத்திருந்தார்கள். தேவைப்பட்டால் கான் முன்கள வீரராக ஓட வேண்டும்! போட்டி அமைப்பாளர்கள் இரக்கப்பட்டு ஒருவரைச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தார்கள். யென்ஸ் டோட் வந்தார், ஆடவில்லை. அன்று செக் குடியரசுக்கு எதிராக ஜெர்மனி 2-1 என வென்றது. இரண்டு கோலையும் அடித்தவர் மாற்று வீரராக இறங்கிய ஆலிவர் பியர்ஹாஃப்.

பட்டியலில் இருக்கும் எண்களையெல்லாம் எப்படிப் படிப்பது?

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். 2022 அர்ஜென்டினா பட்டியலில்: 10, ஃபார்வர்ட், லியோனல் மெஸ்ஸி, 24 ஜூன் 1987, வயது 35, ஆட்டங்கள் 165, கோல்கள் 91, பாரிஸ் செயின்ட் ஜெர்மைன்.

முதலில் வருவது ஜெர்சி எண். வயது, போட்டி தொடங்கும் நாளன்று உள்ள வயது. 165 என்பது அதுவரை தேசிய அணிக்காக ஆடிய ஆட்டங்கள். 91 தேசிய அணிக்காக அடித்த கோல்கள். கிளப் கணக்கு இதில் சேராது. போட்டிக்கு முந்தைய நிலவரம் இது, நடுவில் மாறாது. கத்தாரில் மெஸ்ஸி ஏழு ஆட்டங்களில் ஏழு கோல் அடித்ததால், வெளியே வரும்போது அது 172, 98 ஆகியிருந்தது.

ஆட்டங்களின் எண்ணிக்கைதான் என் கண் முதலில் போகும் இடம். 0 அல்லது 1 என்று ஒருவருக்கு இருந்தால், அந்தப் பயிற்சியாளர் துணிந்து எதையோ செய்கிறார் என்று பொருள்.

ஜெர்சி எண்களை யார் முடிவு செய்வது? 1ஆம் எண் எப்போதும் கோல்கீப்பருக்குத்தானா?

இப்போது ஆமாம். 1 முதல் 26 வரை இடைவெளி இல்லாமல் கொடுக்க வேண்டும், 1 கோல்கீப்பருக்கு. போட்டி முடியும் வரை ஒருவருக்கு ஒரே எண் என்ற முறை 1954இல் தொடங்கியது.

ஆனால் ஒரு காலத்தில் இது திருவிழாவாக இருந்தது. 1974 நெதர்லாந்து அணி அகர வரிசைப்படி எண் கொடுத்தது. அதனால் ரூட் கேல்ஸ் என்ற முன்கள வீரருக்கு 1, கோல்கீப்பர் யோங்ப்லூடுக்கு 8. யோஹான் கிரைஃபுக்கு மட்டும் அவருக்குப் பிடித்த 14. அர்ஜென்டினாவும் அதே வழியில் போனது: 1978இல் மிட்ஃபீல்டர் நோர்பெர்ட்டோ அலோன்சோவுக்கு 1, கோல்கீப்பர் ஃபியோலுக்கு 5. 1982இல் ஒஸ்வால்டோ ஆர்டிலெஸ் 1ஆம் எண்ணில் நடுக்களத்தில் ஆடினார். மரடோனாவுக்காக மட்டும் அகரவரிசையை விட்டுக்கொடுத்து 10 தந்தார்கள்.

அந்த 10ஐ நிரந்தரமாக ஓய்வு கொடுத்துவிட 2002இல் அர்ஜென்டினா ஆசைப்பட்டது. எண்களில் ஓட்டை இருக்கக் கூடாது என்று ஃபிஃபா மறுத்தது. அந்த ஜெர்சியை ஏரியல் ஒர்டேகா அணிந்தார். 10க்கு அந்த மகிமை வந்த கதையும் ஒரு தற்செயல்தான். 1958இல் பிரேசில் எண்கள் இல்லாமலே பட்டியலை அனுப்பிவிட்டது என்றும், வேறு யாரோ எண்களை நிரப்பினார்கள் என்றும் சொல்வார்கள். கோல்கீப்பர் கில்மருக்கு 3 வந்ததைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. பதினேழு வயது பெலேவுக்கு வந்தது 10.

வேறு நாட்டில் பிறந்தவர் தேசிய அணியில் ஆடலாமா?

அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். அதோடு ஏதாவது ஒரு தொடர்பு: அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விதி சொல்லும் காலம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

2022 மொராக்கோ பட்டியலில் 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அஷ்ரஃப் ஹக்கிமி மாட்ரிட்டில், ஹக்கிம் ஸியேஷ் நெதர்லாந்தில், கோல்கீப்பர் யாசின் போனோ கனடாவின் மான்ட்ரியலில். ஹக்கிமி, தான் பிறந்த நாடான ஸ்பெயினுக்கு எதிராகவே வெற்றியை உறுதி செய்த பெனால்டியை அடித்தார். அந்த அணி அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி ஆனது. 'வாடகை வீரர்கள்' என்று சிலர் எழுதியபோது எனக்கு மனம் கசந்தது. பிழைப்புத் தேடிப் போன பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள். வீட்டுக்குள் பேசிய மொழிக்காக ஆடினார்கள்.

அண்ணன் தம்பியே பிரிந்து ஆடியதும் உண்டு. 2010இல் ஜெரோம் போவாட்டெங் ஜெர்மனிக்கும், கெவின் பிரின்ஸ் போவாட்டெங் கானாவுக்கும் ஒரே ஆட்டத்தில் எதிரெதிராக நின்றார்கள். 2014இலும் அப்படியே.

ஒரு நாட்டுக்கு ஆடிவிட்டு இன்னொரு நாட்டுக்கு மாறலாமா?

நட்பு ஆட்டம் மட்டும் ஆடியிருந்தால் மாறலாம். டியேகோ கோஸ்டா 2013இல் பிரேசிலுக்கு இரண்டு நட்பு ஆட்டங்கள் ஆடினார், 2014 உலகக் கோப்பையில் ஸ்பெயின் ஜெர்சியில் வந்தார். போட்டி ஆட்டம் ஆடிவிட்டால் முன்பெல்லாம் கதவு மூடிவிடும். முனீர் எல் ஹத்தாதி 2014இல் ஸ்பெயினுக்காகச் சில நிமிடங்கள் ஆடியதற்காகவே பல ஆண்டுகள் மொராக்கோவுக்கு ஆட முடியாமல் தவித்தார். 2020இல் விதியைத் தளர்த்தினார்கள்: 21 வயதுக்கு முன் மூன்று போட்டி ஆட்டங்களுக்கு மேல் ஆடாமல், கடைசியாக ஆடி மூன்று ஆண்டுகள் கடந்து, உலகக் கோப்பை போன்ற பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றில் ஆடாமல் இருந்தால் மாறலாம். இருபது வயதுப் பையனின் சில நிமிடங்கள் வாழ்நாள் தண்டனை ஆகக் கூடாது. இந்தத் திருத்தம் எப்போதோ வந்திருக்க வேண்டியது.

இப்படியெல்லாம் கட்டுப்பாடு இல்லாத காலத்தில் லூயிஸ் மோன்டி என்பவர் 1930 இறுதி ஆட்டத்தை அர்ஜென்டினாவுக்கும், 1934 இறுதி ஆட்டத்தை இத்தாலிக்கும் ஆடினார்.

கிளப் தன் வீரரை அனுப்ப மறுக்கலாமா?

உலகக் கோப்பைக்கு மறுக்க முடியாது. பதிலுக்கு ஃபிஃபா பணம் தருகிறது. 2010இல் கிளப்களுக்குப் பகிர்ந்த தொகை 4 கோடி டாலர், 2022இல் 20.9 கோடி டாலர், அதாவது ஒரு வீரருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,000 டாலர். 2026க்கு 35.5 கோடி என்று அறிவித்தார்கள்.

ஒலிம்பிக்குக்கு இந்தக் கட்டாயம் இல்லை. 2008இல் மெஸ்ஸியை அனுப்ப வேண்டியதில்லை என்று விளையாட்டு நடுவர் மன்றம் பார்சிலோனாவுக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னது. பிறகும் புதிய பயிற்சியாளர் குவார்டியோலா அவரைப் போகவிட்டார். தங்கத்தோடு திரும்பினார்.

வயது வரம்பு உண்டா?

உலகக் கோப்பைக்கு மேல்வரம்பு கிடையாது. எகிப்தின் எஸாம் எல் ஹதாரி 2018இல் 45 வயதில் ஆடி, சவுதி அரேபியாவின் ஒரு பெனால்டியைத் தடுத்தார். மிக இளையவர் 1982இல் ஆடிய வட அயர்லாந்தின் நார்மன் வைட்சைட். 17 வயது 41 நாள். ஒலிம்பிக் ஆண்கள் கால்பந்து 23 வயதுக்குட்பட்டோர் போட்டி, மூன்று பேர் மட்டும் மூத்தவர்கள் இருக்கலாம்.

பெரிய பெயர்களை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

பட்டியல் என்பது சிறந்த 26 பேரின் தரவரிசை அல்ல. நாற்பது நாள் ஒரே ஓட்டலில் சேர்ந்து இருந்து, பெஞ்சில் உட்கார வேண்டி வந்தாலும் முகம் சுளிக்காதவர்கள் வேண்டும். 2002இல் ரொமாரியோவைச் சேர்க்கச் சொல்லி பிரேசிலே கொந்தளித்தது. பயிற்சியாளர் ஸ்கொலாரி அசையவில்லை. முழங்கால் காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த ரொனால்டோவை நம்பினார். ரொனால்டோ எட்டு கோல் அடித்தார், கோப்பை வந்தது.

எப்போதும் இப்படிப் பலிக்காது. 2018இல் ஜெர்மனி பயிற்சியாளர் யோவாக்கிம் லூவ், இங்கிலாந்தில் அந்த ஆண்டின் சிறந்த இளம் வீரர் விருது வாங்கியிருந்த லெராய் சானேவை விட்டுவிட்டுப் போனார். நடப்புச் சாம்பியன் ஜெர்மனி மெக்சிகோவிடமும் தென் கொரியாவிடமும் தோற்று, பிரிவில் கடைசி இடத்தில் முடிந்தது. சானே இருந்திருந்தால் மாறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோல் வராமல் தவித்த அந்தக் கடைசி ஆட்டத்தைப் பார்த்த எல்லோர் மனதிலும் அந்தப் பெயர் ஓடியது.

பட்டியலில் இருக்கும் எல்லோரும் ஆடுவார்களா?

அபூர்வம். 2014இல் நெதர்லாந்து தன் 23 பேரையும் களமிறக்கியது. கடைசியாக மீதி இருந்த கோல்கீப்பர் மிஷெல் வோர்ம், மூன்றாம் இட ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் இறக்கப்பட்டார். 2022இல் பிரேசில் 26 பேரையும் ஆடவைத்தது. மறுபக்கம், 2006இல் பிரீமியர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடியிராத பதினேழு வயது தியோ வால்காட்டை இங்கிலாந்து ஜெர்மனிக்கு அழைத்துப் போய், ஒரு நிமிடம்கூட ஆடவிடாமல் திருப்பிக் கூட்டி வந்தது. அதன் பிறகு அவருக்கு இன்னொரு உலகக் கோப்பைப் பட்டியலில் இடமே கிடைக்கவில்லை.

ஆடாதவர்களுக்கும் பதக்கம் உண்டா?

இப்போது பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் உண்டு. 1974 வரை அப்படி இல்லை. இறுதி ஆட்டத்தில் களத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே. 1962இல் பெலே இரண்டாவது ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேறியதால் அவருக்குக்கூட அந்த ஆண்டுப் பதக்கம் கிடைக்கவில்லை. 2007இல்தான் ஃபிஃபா பழைய சாம்பியன் அணிகளின் மற்ற வீரர்களுக்கும் பதக்கம் தர முடிவு செய்தது.

1966இல் இங்கிலாந்தின் நம்பிக்கை நட்சத்திரம் ஜிம்மி கிரீவ்ஸ். பிரான்சுடனான ஆட்டத்தில் காலில் வெட்டுக்காயம், தையல் போட்டார்கள். அவர் இடத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் வந்தார். இறுதி ஆட்டத்துக்குள் கிரீவ்ஸ் தேறிவிட்டார். பயிற்சியாளர் ராம்சே அணியை மாற்றவில்லை. மாற்று வீரர் என்ற ஏற்பாடே உலகக் கோப்பையில் அப்போது கிடையாது. கோட்டும் டையுமாக ஓரத்தில் உட்கார்ந்து, ஹர்ஸ்ட் மூன்று கோல் அடிப்பதைப் பார்த்தார். அவருக்கான பதக்கம் 2009இல், 43 ஆண்டுகள் கழித்து, லண்டன் டவுனிங் தெருவில் பிரதமர் கையால் வந்து சேர்ந்தது.